டப்பாவுக்குள் எத்தனை பழம்? லேயில் ஆப்ரிகாட் நெக்டர் காய்ச்சிய கதை

போன தடவை லீவில் ஊருக்குப் போனபோது ஆப்ரிகாட் பழத்தில் செய்யும் நெக்டர் என்கிற பானம், ஒரு லிட்டர் அட்டைப்பெட்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். லடாக்கிலிருந்து வருகிற பிள்ளை வெறுங்கையோடு வரக்கூடாது என்கிற நினைப்புதான். தேனியில் வீட்டுக்கு வந்த அக்கா பிள்ளைகள் பாதியைக் காலி செய்துவிட்டார்கள். அம்மாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏய்யா, பழச்சாறுதானே, நான் அரை டம்ளர் குடிச்சா என்ன?" என்று கேட்டார்.

நான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் தளதளவென்று மூன்று பழம். பின்பக்கம் எறும்பு எழுத்தில் தண்ணீர், ஆப்ரிகாட் கூழ், சர்க்கரை, அமிலச் சீராக்கி 330, ஆன்டிஆக்ஸிடன்ட் 300, நிலைப்படுத்தி 466. பொருள்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைந்ததுக்கு வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. அப்படிப் பார்த்தால் முதலிடத்தில் தண்ணீர் நிற்கிறது. 'பழச்சாறு' என்கிற வார்த்தை பெட்டியில் எங்குமே இல்லை.

"வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்ததும் ஆகஸ்ட் மாதம், லேயில் ஆப்ரிகாட் சீசன். சரி, நாமே செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் பெயர்ப் பிரச்சினை. தமிழில் இதற்குச் 'சர்க்கரைப் பாதாமி' என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி நம்மூர் மளிகைக் கடையில் கேட்டால் பாதாம் பருப்பைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இந்திக்காரர்கள் குபானி என்கிறார்கள், லடாக்கில் சூலி. நான் ஆப்ரிகாட் என்றே எழுதுகிறேன்.

லேயில் நான் சோலார் பேனல் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவை எல்லோரும் கூப்பிடுவது மாதிரி அமா-லே என்றுதான் கூப்பிடுவேன். லடாக்கியில் அமா என்றால் அம்மா, 'லே' மரியாதைக்கு. சமையலறை அவருடையது. கைவசம் இருந்த சாமான்கள்: மிக்ஸி, எலெக்ட்ரானிக் தராசு, சமையல் தெர்மாமீட்டர், புளிப்பை அளக்கும் பிஹெச் காகிதம் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்), ஒரு பிரிக்ஸ் மீட்டர். கடைசியாகச் சொன்னது கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் மாமாவிடமிருந்து வாங்கி வந்தது. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால், கரைசலில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று கோடு காட்டும். பழத்தைப் பொறுத்தவரை அதில் பெரும்பங்கு சர்க்கரை, கொஞ்சம் அமிலம், கொஞ்சம் உப்புகள். 15 பிரிக்ஸ் என்றால் 100 கிராமில் சுமார் 15 கிராம் கரைந்த பொருள். மாமா இதை வைத்துத்தான் குலை வெட்டும் நாளை முடிவு செய்வார்.

லே மெயின் பஜாரில் நடைபாதை ஓரம் பெண்கள் கூடை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். பழம் பெரும்பாலும் ஷாம் பக்கத்து ஊர்களிலிருந்து வரும். லேயைவிட அங்கே உயரம் குறைவு, வெயில் கூடுதல். ஹல்மான் என்கிற ஆரஞ்சு நிற வகை இரண்டரைக் கிலோ வாங்கினேன். ரக்ட்சே கார்போ என்று இன்னொன்று இருக்கிறது, வெள்ளைக் கொட்டைக்காரி. ரக்ட்சே என்றால் கொட்டை, கார்போ என்றால் வெள்ளை. லடாக்கில் முதன்முதலில் புவிசார் குறியீடு வாங்கிய பொருள் இதுதான். தேன் மாதிரி இனிக்கும். அதில் அரைக் கிலோ.

முதல் முயற்சி: மிக்ஸி

அரைக் கிலோ ஹல்மானைக் கழுவி, கொட்டை எடுத்து, பச்சையாக மிக்ஸியில் அடித்து, ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். திராட்சைக்கு வீட்டில் அப்படித்தான் செய்வோம்.

கீழே இறங்கியது மஞ்சள் தண்ணீர். அரிசி களைந்த தண்ணீரில் மஞ்சள்தூள் சிட்டிகை போட்ட மாதிரி. வாயில் வைத்தால் புளிப்பும் இனிப்பும் இருக்கிறது, பழம் இல்லை. நிறமெல்லாம் துணியில் அப்பிக்கொண்டிருந்தது. துணியைச் சுரண்டி ஒரு கரண்டி தின்றேன். பழம் அங்கேதான் இருந்தது.

ஆப்ரிகாட்டின் ஆரஞ்சு நிறம் பீட்டா கரோட்டின் முதலான நிறமிகளால் வருகிறது. அது தண்ணீரில் கரையாது, சதைத் துணுக்குகளோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். சதையை வடித்து எறிந்தால் நிறமும் போச்சு, உடம்பு அதிலிருந்து செய்துகொள்ளும் வைட்டமின் ஏ-யும் போச்சு. திராட்சையையோ ஆரஞ்சையோ பிழிகிற மாதிரி இதைப் பிழிய முடியாது. நம்மூர் மாம்பழம் இதே சாதி. கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளில் பெங்களூரா மாம்பழத்தைக் கூழாக்கித்தானே டின்னில் அடைக்கிறார்கள்? யாரும் மாம்பழத்தைப் பிழிவதில்லை.

இந்த இடத்தில்தான் நெக்டர் என்கிற சமாச்சாரம் வருகிறது. சதையோடு கூழாக எடுத்தால் அது குடிக்கிற பதத்தில் இருக்காது, கரண்டியில்தான் எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டால் குடிக்கலாம், ஆனால் இனிப்பும் புளிப்பும் செத்துப்போகும். அதை ஈடுகட்டச் சர்க்கரை, அமிலம். கூழும் தண்ணீரும் சர்க்கரையும் சேர்ந்ததுதான் நெக்டர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001-ஆம் ஆண்டுப் பழச்சாறு நெறிமுறையில் ஆப்ரிகாட் நெக்டருக்குக் குறைந்தது 40 சதவீதம் பழம் இருக்க வேண்டும், சேர்க்கும் சர்க்கரை மொத்த எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. கோடெக்ஸ் என்கிற சர்வதேச உணவுத் தரத்திலும் ஆப்ரிகாட்டுக்கு அதே 40. நம்மூர்ப் பழப் பதப்படுத்தல் பாடங்களில் பொதுவாக நெக்டர் என்றால் 20 சதவீதம் பழம், 15 சதவீதம் கரைந்த திடப்பொருள்.

வடிகட்டாமல் மிச்சம் வைத்திருந்த பாதி அரைமணி நேரத்தில் கறுத்துவிட்டது. வெட்டி வைத்த கத்திரிக்காய் கறுக்கிற அதே வேலை. சதையில் இருக்கும் நொதி காற்று பட்டதும் செய்வது. ஒரு மணி நேரத்தில் மேலே தெளிந்த தண்ணீர், கீழே சகதி என்று இரண்டாகப் பிரிந்தும் போனது. இது வேறொரு நொதி. கூழைத் தாங்கிப் பிடித்திருக்கும் பெக்டினை அது உருமாற்றிவிடுகிறது, அப்புறம் பெக்டின் பழத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து திரிந்து கீழே உட்காருகிறது. பச்சையாக மிக்ஸியில் அடித்தது இரண்டு நொதிகளுக்கும் நானே கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

அமா-லே எட்டிப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கு ஊற்றலாம்" என்றார். ஊற்றினோம்.

இரண்டாவது: முதலில் சூடு, பிறகு சல்லடை

இரண்டு கிலோ பழம். கொட்டை 170 கிராம் போக 1,830 கிராம் சதை. அடி கனத்த பாத்திரத்தில் 100 கிராம் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிட்டு, அதில் பாதி பாதியாகப் பிளந்த பழத்தை உடனே போட்டு மூடினேன். அரைப்பதற்கு முன்னாலேயே நொதிகளைச் சாகடிக்க வேண்டும். 85 டிகிரியைத் தாண்டி ஐந்து நிமிஷமாவது நிற்க வேண்டும் என்பது என் கணக்கு.

தெர்மாமீட்டர் 88-க்கு மேல் ஏற மறுத்தது. தளதளவென்று கொதிக்கிறது, 88. தீயைக் கூட்டினேன், 88. தெர்மாமீட்டர் கோளாறு என்று நினைத்து வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்தேன், அதுவும் 88. அப்புறம்தான் தலையில் அடித்துக்கொண்டேன். லே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கீழே இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாது என்பதை இரண்டு வருஷமாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டே அதை மறந்திருக்கிறேன். நல்லவேளை, இந்த வேலைக்கு 88 போதும். அடைக்கும்போது போதவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

வெந்த பழத்தைப் புளி கரைத்து வடிக்கும் பெரிய கண் சல்லடையில் ஒரு தடவை, மாவு சல்லடையில் ஒரு தடவை கரண்டியால் தேய்த்து இறக்கினேன். தோலும் நாரும் மேலே நின்றன. 1,650 கிராம் கூழ் கிடைத்தது. நிறம் கறுக்கவில்லை. பச்சைப் பழச் சொட்டில் 16 காட்டிய பிரிக்ஸ், ஊற்றிய தண்ணீரால் கூழில் 15.

அடுத்தது கலவை. பெட்டி நெக்டர் மாதிரி செய்து பார்ப்பது, அதாவது மேலே சொன்ன 40 சதவீதம் பழம், 14.5 பிரிக்ஸ். இந்தக் கணக்கைத் தாளில் போட்டபோதுதான் அம்மாவின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. அதனால் முழுதாக எழுதுகிறேன்.

ஒரு கிலோ நெக்டருக்குக் கூழ் 400 கிராம். 15 பிரிக்ஸ் கூழ் ஆனதால் அதிலிருந்து வருவது 60 கிராம் கரைந்த பொருள். வேண்டியது 145 கிராம். குறைகிற 85 கிராமும் மூட்டைச் சர்க்கரை. மீதி 515 கிராம் தண்ணீர், அதில் ஒரு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் அடக்கம். எல்லாவற்றையும் கலந்து ஒரு கொதி காட்டி ஆறவைத்து மீட்டரில் பார்த்தால், கோடு பதினாலரைக்குக் கொஞ்சம் மேலே.

ஒரு டம்ளர், அதாவது 250 கிராம் குடித்தால் சுமார் 36 கிராம் இனிப்பு உள்ளே போகிறது. அதில் 15 கிராம் பழத்தினுடையது, 21 கிராம் மூட்டையினுடையது. தேக்கரண்டியில் ஐந்து. ஒரு டம்ளர் காபியில் ஐந்து கரண்டிச் சர்க்கரை போட்டு அம்மாவிடம் நீட்டுவேனா?

சுவையில் அட்டைப்பெட்டிக்கு ரொம்பக் கிட்டே வந்திருந்தது. இன்னும் சொன்னால் அதைவிட நன்றாக இருந்தது, மணம் அதிகம். நெக்டர் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை, எனக்குப் பிடித்த பானம்தான். இதைப் பழச்சாறு என்று நினைத்துக் குடிப்பதுதான் தப்பு.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுத் தரவுப் பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். டின்னில் அடைத்த ஆப்ரிகாட் நெக்டர் 100 கிராமில் 56 கலோரி, மாவுச்சத்து 14.4 கிராம், அதில் சர்க்கரை 13.8 கிராம், நார் 0.6 கிராம், புரதம் 0.4 கிராம், கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம், பொட்டாசியம் 114 மில்லிகிராம். பச்சைப் பழம் 100 கிராமில் 48 கலோரி, சர்க்கரை 9.2 கிராம், நார் 2 கிராம், புரதம் 1.4 கிராம், பொட்டாசியம் 259 மில்லிகிராம்.

இதில் எனக்குப் பிடித்தது பொட்டாசியம். மூட்டைச் சர்க்கரையில் பொட்டாசியம் கிடையாது, தண்ணீரிலும் பெரிதாகக் கிடையாது. ஆக, நெக்டரில் இருக்கும் பொட்டாசியம் முழுக்கப் பழத்திலிருந்து வந்ததுதான். 114-ஐ 259-ஆல் வகுத்தால் 0.44. பழம் சுமார் 44 சதவீதம்! பெட்டியில் பழத்தின் அளவு போடாவிட்டாலும் பொட்டாசியம் போட்டிருந்தால் குத்துமதிப்பாகப் பிடித்துவிடலாம். அதே 44 சதவீதத்தைப் பழச் சர்க்கரைக்குப் போட்டால் நாலு கிராம்தான் வரும், ஆனால் நெக்டரில் 13.8 இருக்கிறது. மீதி எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. என் கலவையைவிட அங்கே மூட்டைப் பங்கு அதிகம், ஏனென்றால் லடாக் பழம் அந்தப் பட்டியல் பழத்தைவிட இனிப்பு. நார் கணக்குக்குக் கீழே போயிருக்கிறது. என் சல்லடை மேல் நின்ற தோலைப் பார்த்தவனுக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

வைட்டமின் சி இன்னும் வேடிக்கை. பச்சைப் பழத்தில் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம். காய்ச்சி டின்னில் அடைத்த நெக்டரில் 0.6. கிட்டத்தட்டத் துடைத்துவிட்டது. அதே பட்டியலில் 'அஸ்கார்பிக் அமிலம் சேர்த்தது' என்று இன்னொரு நெக்டர் இருக்கிறது, அதில் 54.4. பழத்தில் இருந்ததைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்! பொருள் பட்டியலில் 300 என்று இருப்பது அந்தத் தூள்தான். கறுக்காமல் இருக்கப் போடுவது, கூடவே 'வைட்டமின் சி நிறைந்தது' என்று முன்பக்கம் எழுதவும் உதவுகிறது. 330 சிட்ரிக் அமிலம், நான் எலுமிச்சை பிழிந்ததற்குப் பதில். 466 செல்லுலோஸிலிருந்து எடுக்கும் பசை, கூழ் கீழே உட்காராமல் தாங்க. ஆலையில் இதோடு அதிக அழுத்தத்தில் கூழைச் சின்ன ஓட்டை வழியாகத் தள்ளித் துணுக்குகளைப் பொடியாக்கவும் செய்வார்கள். என்னிடம் மிக்ஸிதான். வெந்த கூழை இரண்டு தடவை ஓட்டினேன், ஒரு நாள் வைத்தால் பாட்டிலில் மேலே ஒரு விரல்கடை தெளிவு நிற்கிறது. குலுக்கினால் சரியாகிவிடும்.

கரோட்டின் மட்டும் அவ்வளவாக அடி வாங்குவதில்லை. வைட்டமின் ஏ கணக்கில் பழத்தில் 96 மைக்ரோகிராம், நெக்டரில் 66. சூட்டைத் தாங்குகிற சத்து இது. நெக்டரைப் பழத்துக்காகக் குடிப்பவர்கள் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே நியாயம் இந்த நிறம்தான்.

20 சதவீதமும் 60 சதவீதமும்

விடுவேனா? 20 சதவீதக் கலவையும் அரைக் கிலோ செய்தேன். 100 கிராம் கூழ், 60 கிராம் சர்க்கரை, 340 கிராம் தண்ணீர். 75 கிராம் இனிப்பில் 15 கிராம்தான் பழத்தினுடையது. வெளிறிய நிறம், ஆரஞ்சு மிட்டாயைக் கரைத்த ருசி. அமா-லேயின் பேரன் மட்டும் இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

60 சதவீதம் சர்க்கரையே இல்லாமல்: 300 கிராம் கூழ், 200 கிராம் தண்ணீர். மீட்டரில் 9. அறைச் சூட்டில் குடித்தபோது சப்பென்று இருந்தது. குளிர வைத்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டதும் எழுந்து நின்றது. இதில் 150 கிராம் சின்ன டம்ளருக்குப் பதின்மூன்றரை கிராம் இனிப்பு. அம்மாவுக்கு என்று கொடுத்தால் இதைத்தான் கொடுப்பேன், அதுவும் சாப்பாட்டோடு, எப்போதாவது. சேர்க்காத சர்க்கரையும் சர்க்கரைதான். கூழாக்கிக் குடிக்கும்போது கடித்துத் தின்பதைவிடச் சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கணக்குப்படி, சேர்த்த சர்க்கரை, தேன், பழச்சாற்றுச் சர்க்கரை எல்லாம் சேர்த்து ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராம். பாதியாக, 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது. பெட்டி நெக்டர் ஒரு டம்ளர் அந்த இருபத்தைந்தைத் தாண்டிவிடுகிறது.

ரக்ட்சே கார்போவில் செய்தது தனிக் கதை. சர்க்கரையே வேண்டாம், அவ்வளவு இனிப்பு. ஆனால் புளிப்பு கம்மி. பிஹெச் காகிதம் நாலரைப் பக்கம் நின்றது. வாய்க்கு நன்றாக இருக்கும், பாட்டிலுக்கு ஆபத்து. 4.6-க்கு மேல் போனால் போட்டுலினம் என்கிற விஷக் கிருமி மூடிய பாட்டிலுக்குள் வளர இடம் கிடைக்கும், அதைக் கொல்ல வெறும் கொதிநீர் போதாது. ஹல்மான் தானாகவே நாலுக்குக் கீழே நின்றது. ரக்ட்சே கார்போவுக்கு எலுமிச்சை பிழிந்து பிழிந்து நாலுக்குக் கீழே இறக்கினேன். இறக்கிய பிறகு அதுவும் கிட்டத்தட்ட ஹல்மான் ருசிக்கு வந்துவிட்டது. இந்தப் பழத்தைப் போய் நெக்டர் ஆக்குவது பாவம், அப்படியே தின்ன வேண்டியது.

கொட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பருப்பை உடைத்து இரண்டு நசுக்கிப் போட்டால் பாதாம் வாசனை வரும் என்று ஆசைப்பட்டேன். அமா-லே கையைத் தட்டிவிட்டார். "இது இனிப்புப் பருப்பு, தின்னலாம். அது கசப்பு, எண்ணெய்க்கு." கசப்புப் பருப்பில் அமிக்டலின் இருக்கிறது, மென்றால் வயிற்றில் சயனைடாக மாறும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல், பச்சைப் பருப்பு சின்னதாக மூன்றுக்கு மேல் ஒரு தடவைக்கு ஒரு பெரியவர் தின்றாலே அளவு மீறிவிடும் என்று எச்சரித்திருக்கிறது. குழந்தைகளுக்கு ஒன்றே அதிகம். வாசனை எனக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

பாட்டிலில் அடைத்தது, பாட்டில் வெடித்தது

புகழ்ச்சிக்கு ஆசைப்பட்டு ஊருக்கு ஆறு பாட்டில் அனுப்பலாம் என்று கிளம்பினேன். கொதிக்கிற நெக்டரைக் கொதிநீரில் போட்டெடுத்த பாட்டிலில் ஊற்றி, மூடி, தலைகீழாக ஐந்து நிமிஷம் நிறுத்தினேன். சமவெளியில் இப்படிச் செய்பவர்கள் 95-க்கும் மேல் கொதிக்கிறதை ஊற்றுவார்கள், புனல் வழியாக இறங்கும்போது பத்து டிகிரி போனாலும் 85 இருக்கும். நான் 88-இல் ஆரம்பித்தேன். கடைசி பாட்டிலுக்கு வரும்போது தெர்மாமீட்டர் 74.

ஒன்பதாம் நாள் ஒரு பாட்டிலின் மூடி உப்பியிருந்தது. அமா-லே முன்னாலேயே திறந்தேன். நுரை கூரையில் அடித்தது. அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்னவென்று கேட்டார். "மதராஸிப் பையன் சூலியில் சாங் காய்ச்சியிருக்கிறான்" என்றார். சாங் என்றால் இங்கே பார்லியில் காய்ச்சும் நாட்டுச் சரக்கு. தப்பிப் பிழைத்த ஈஸ்ட் உள்ளே உட்கார்ந்து சர்க்கரையைத் தின்றிருக்கிறது. அடுத்த நாள் இன்னொன்றும் உப்பியது. மீதி நாலையும் நம்பாமல் கொட்டினேன்.

இரண்டாவது தடவை நாலு பாட்டில், புது மூடி, அதே கொதிக் கலவை, ஆனால் ஊற்றிய பிறகு பாட்டில்களைத் துணி விரித்த பெரிய அண்டாவில் கழுத்துவரை தண்ணீரில் நிறுத்தி, மூடியைத் தளர்வாக வைத்து, அண்டா கொதிக்க ஆரம்பித்ததிலிருந்து 30 நிமிஷம். கொதிக்கிற சூட்டைக் கூட்ட முடியாது, நேரத்தைத்தான் கூட்ட முடியும். எடுத்ததும் மூடியை இறுக்கி, ஆறியதும் நேராக ஃபிரிஜ்ஜில். செப்டம்பர் கடைசி வரை நாலும் நன்றாக இருந்தன. ஊருக்கு அனுப்பும் யோசனையை மட்டும் கைவிட்டேன். ஃபிரிஜ் இல்லாமல் ஐந்து நாள் லாரியில் போகிற அளவுக்கு என் கைவேலை மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

உலர்ந்த பழத்தில் கடைசியாக ஒன்று

அக்டோபரில் பச்சைப் பழம் முடிந்துவிட்டது. கூரையில் காயவைத்த பழம் வீட்டுக்கு வீடு இருக்கிறது, பழுப்பும் கறுப்புமாக. கடையில் பளபளக்கிற ஆரஞ்சு நிற உலர்பழம் கந்தகப் புகை காட்டியது, பொருள் பட்டியலில் 220 என்று இருக்கும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது.

100 கிராம் உலர்பழத்தை 400 கிராம் வெந்நீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் அதே தண்ணீரோடு ஒரு கொதி காட்டி, மிக்ஸியில் அடித்துச் சல்லடையில் தேய்த்தேன். மீட்டரில் 11. மூட்டைச் சர்க்கரை ஒரு மணிகூட இல்லை. உலர்பழத்தில் 100 கிராமுக்கு 53 கிராம் சர்க்கரை இருப்பதால் ஐந்து மடங்காக்கினால் அந்தக் கணக்கு தானாகவே வருகிறது. பொட்டாசியம் 1,162 மில்லிகிராம், ஐந்தால் வகுத்தால் டின் நெக்டரைப்போல இரண்டு மடங்கு. சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அம்மாவுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. நிறம் புளிக்கரைசல் மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் நான் செய்ததிலேயே இதுதான் ஒசத்தி. சிரியாவிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வருகிற கமருத்தீன் என்கிற ஆப்ரிகாட் தகட்டைக் கரைத்து நோன்பு திறக்கையில் குடிப்பார்கள் என்று ஷார்ஜாவில் இருக்கும் மச்சான் சொல்லியிருக்கிறான். அதுவும் காயவைத்த கூழைக் கரைப்பதுதான்.

ஆகவே பாட்டிலுக்குப் பதில் உலர்பழம் ஒரு கிலோ பார்சல் போட்டேன். கூடவே தாளில் எழுதி வைத்தேன்: பத்து பழம், நாலு மடங்கு தண்ணீர், ராத்திரி ஊறவை, கொதிக்கவிடு, அரை, சல்லடையில் தேய், உப்பு ஒரு சிட்டிகை, சின்ன டம்ளரில் மட்டும்.

பத்து நாள் கழித்து போன். "பார்சல் வந்துச்சாம்மா? ஊறவச்சுக் குடிச்சிங்களா?"

"அதை யாருய்யா ஊறவச்சு, அரைச்சு, தேய்ச்சுக்கிட்டு? சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு எடுத்து அப்படியே மென்னுக்குறேன். நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் புளிப்பா. பிள்ளைங்க கண்ணுல படாம அரிசிப் பானைக்குள்ள வச்சிருக்கேன்."

சல்லடையின் கண்களில் காய்ந்திருந்த நாரைக் குச்சியால் குத்தி எடுத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தேன்.